புயலை விட்டுத் தொலைங்கப்பா! 1281-ல மாத்த வேண்டியது தேதி

வணக்கம் மக்களே! போன வீடியோவுக்குக் கீழ "புயல் மட்டும் அடிக்கலேன்னா குப்ளாய் கான் ஜப்பானைப் பிடிச்சிருப்பார்"னு வரிசையா எழுதித் தள்ளியிருக்கீங்க. சீனாவையும் ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் 1281-ல ஜப்பான் மேல கடல் வழியா படையெடுத்தார், புயல் அவர் கப்பல்களை அழிச்சுது, அந்தக் கதைதான். புயலை அழிச்சிட்டு எழுதுற மாற்று வரலாறு எனக்குச் சுத்தமா ஆகாது. சோம்பேறி வேலை!

புயல் ஆகஸ்ட் நடுவுல. கொரியாவுல இருந்து கிளம்பின கிழக்குப் படை, 900 கப்பல், 40,000 பேர், ஜூன்லயே ஜப்பானோட தெற்குத் தீவான கியூஷூல இருக்கற ஹகாட்டா விரிகுடாவுக்கு வந்தாச்சு. இறங்கத்தான் முடியல. 1276-ல ஜப்பான்காரங்க கரையில கட்டின கல் சுவர், சுமார் 20 கிலோமீட்டர். கடல் பக்கம் செங்குத்து, உள்பக்கம் சரிவு. சாமுராய் குதிரையோட மேல ஏறலாம், கடல்ல இருந்து வர்றவன் ஏற முடியாது. ராத்திரியானா சாமுராய்கள் குட்டிப் படகுல வந்து கப்பல்ல ஏறி வெட்டிட்டுப் போறாங்க. கப்பல்ல நெருக்கியடிச்சுக் கிடந்ததுல நோய் வந்து படையில சுமார் 3,000 பேர் காலி. புயல் இல்லாமலே இவ்வளவு!

அதனால தேதியை மாத்துங்க. சீனாவோட தெற்குப் படை, 3,500 கப்பல், 1,00,000 பேர், சந்திர மாசக் கணக்குல ஆறாம் மாசம் 15-க்குள்ள (ஜூலை தொடக்கம்) கியூஷூ பக்கத்துல இருக்கற இக்கி தீவுல வந்து கிழக்குப் படையோட சேரணும்னு திட்டம். தளபதி அரகான் படுத்துட்டார், வேற ஆள் போட்டாங்க, கிளம்பவே லேட். அரகானுக்கு நோய் வராம வெச்சுப் பாருங்க, புயலுக்கு முன்னாடி ஒரு மாசத்துக்கு மேல கையில இருக்கு. ஹகாட்டா பக்கமே போகாதீங்க. மேற்கே இமாரி விரிகுடாவுல இறங்கி, கியூஷூவோட நிர்வாகத் தலைநகரான தசைஃபுவுக்கு நடங்க, நேர்கோட்டுலயே 60 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல மலை.

ஆங், நங்கூரத்தை விட்டுட்டேனே! இமாரி விரிகுடாவுல இருக்கற தகாஷிமா தீவுக்குப் பக்கத்துல, கடலடியில கிடைச்ச இந்தப் படையோட நங்கூரங்களைப் பாருங்க. குறுக்குக் கல் ஒரே நீளக் கல்லா இல்ல, மரத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் தனித்தனித் துண்டு. செதுக்கச் சீக்கிரம் முடியும், ஆனா உறுதி கம்மி. அவசர வேலைன்னு பார்த்தாலே தெரியுது! கப்பல் கட்டுறதும் அப்படித்தான்: சீனாவோட சுவான்சௌ துறைமுகத்துல பு ஷௌகெங்குங்கற அதிகாரியை 200 கப்பல் கட்டச் சொன்னாங்க. 50 முடிஞ்சதும், "சனம் தாங்கல"ன்னு 1281 தொடக்கத்துல அவரே மேல எழுதிட்டார், நிறுத்தவும் சொல்லிட்டாங்க. அதே ஊர்ல, அதே வருஷம் ஏப்ரல்லதான் கானோட நலனுக்காகச் சிவனைப் பிரதிஷ்டை செஞ்ச தமிழ்க் கல்வெட்டும் வெட்டினாங்க. இது கதைக்குத் தேவையில்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல.

சரி, தசைஃபு விழுந்துடுச்சுன்னே வைங்க. ஜப்பானை ஆண்ட சாமுராய் அரசோட தலைமையிடமான காமகுரா இன்னும் சுமார் 900 கிலோமீட்டர். ஆளுக்கு முக்கால் கிலோ அரிசின்னாலே 1,40,000 பேருக்குத் தினம் 100 டன்னுக்கு மேல. கியூஷூல ஒரு மூலையைப் பிடிச்சு வெச்சுக்கலாம், அவ்வளவுதான். அரிசிக் கணக்குப் போடாம டோக்கியோ வரைக்கும் மங்கோலியக் கொடி நட்டு வரைபடம் அனுப்பாதீங்க. அப்ப டோக்கியோவே கிடையாது!