மிச்சமாகும் நேரம் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம். நாம் நம் உடல் உபாதையைச் சொல்லிக்கொண்டிருக்கையில் மருத்துவரின் பார்வை நம்மீது இல்லாமல் கணினித் திரையின்மீதே பதிந்திருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அதை அக்கறையின்மை என்று கொள்வது நியாயமாகாது. நோயாளி சொன்னது, சோதித்துக் கண்டது, கொடுத்த மருந்து, அதைக் கொடுத்த காரணம் ஆகிய யாவும் உடனுக்குடன் பதிவாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 57 மருத்துவர்களின் பணியை உடனிருந்து கவனித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியுடன் நேரடியாகச் செலவாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மின்னணுப் பதிவேட்டிலும் மேசை வேலையிலும் கழிகிறது என்று கண்டது.

இந்தச் சுமையைக் குறைக்க வந்தவர்தான் ஸ்கிரைப் எனப்படும் மருத்துவக் குறிப்பாளர். அவர் நோயைக் கணிப்பதில்லை, சிகிச்சையை முடிவு செய்வதில்லை. ஆலோசனை அறையில் இருந்தபடி, நடக்கும் உரையாடலையும் மருத்துவர் சொல்லும் முடிவுகளையும் அவ்வப்போதே பதிவு செய்கிறார்.

இதனால் விளையும் நன்மைகளில் நான் பெரிதாக மதிக்கும் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. குறிப்பாளர் எழுத வேண்டுமானால், மருத்துவர் தாம் கண்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “வலப்பக்க நுரையீரலின் அடியில் மூச்சொலி குறைவாக இருக்கிறது, இரண்டு கால்களிலும் வீக்கம் இல்லை” என்று அவர் சொல்லும்போது, தம் உடலைப் பற்றி மருத்துவர் என்ன நினைக்கிறார் என்பதை நோயாளியும் கேட்கிறார். “மாலையில் மட்டும் வீங்குகிறது, ஐயா” என்று அந்த இடத்திலேயே திருத்தவும் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஐந்து அவசரசிகிச்சைப் பிரிவுகளில் நடந்து, 2019-இல் வெளியான ஆய்வில், குறிப்பாளர் உடனிருந்தபோது மருத்துவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் கவனித்த நோயாளிகளின் சராசரி எண்ணிக்கை 1.13-இலிருந்து 1.31 ஆக உயர்ந்தது. நோயாளிகள் அங்கே தங்கியிருந்த நேரமும் 19 நிமிடம் குறைந்தது. அவசரசிகிச்சைப் பிரிவில் இது பெரும் பேறு, ஏனெனில் வெளியே காத்திருப்பவரின் வலி அந்த அளவுக்கு விரைவில் கவனிக்கப்படுகிறது. ஆனால் சாதாரண ஆலோசனை அறையில், குறிப்பாளரின் சம்பளத்தை ஈடுகட்டுவதற்காக நாளொன்றுக்கு மேலும் சில பெயர்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், மிச்சமான நேரம் நோயாளிக்கும் சேராமல், மருத்துவரின் ஓய்வுக்கும் சேராமல் கரைந்துபோகும். குறிப்பாளரை அமர்த்தும் நிர்வாகம் இதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் ஆபத்தும் உண்டு. இடது வலதாகலாம், மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறலாம், ஒருவருடைய விவரம் இன்னொருவரின் பதிவேட்டில் ஏறலாம். எழுதியவர் யாராக இருந்தாலும் கையொப்பமிடுபவர் மருத்துவர்தான் என்பதால், படித்துப் பார்க்காமல் ஒப்பமிடுவது கடமை தவறுவதே ஆகும். உரையாடலைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் மென்பொருள்கள் பரவிவரும் இக்காலத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாத ஒன்றைச் சொன்னதாக அவை எழுதிவிடுவதுண்டு. எழுதும்போதுதான் சிந்தனையில் உள்ள ஓட்டை பல நேரங்களில் கண்ணில் படும் என்பதால், பயிற்சி மருத்துவர்கள் தம் குறிப்பைத் தாமே எழுதிப் பழகுவது நல்லது.

கடைசியாக, அந்த அறையில் இருக்கும் மூன்றாம் மனிதரைப் பற்றி. குடிப்பழக்கம், வீட்டில் படும் அடி, பாலியல் தொடர்பான நோய், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஆகியவற்றை ஒருவரிடம் சொல்வதற்கே நா எழாது. எனவே குறிப்பாளர் இன்னார் என்று அறிமுகம் செய்து, அவர் உடனிருக்கச் சம்மதமா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். நோயாளி தயங்கினால், காரணம் கேட்காமல் குறிப்பாளரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மருத்துவர் தாமே எழுதிக்கொள்ளலாம். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் சில நிமிடங்களை, மற்ற நோயாளிகளிடம் குறிப்பாளர் மிச்சப்படுத்தித் தந்த நேரத்திலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும்.