சூட்டுக்குச் சுருங்கும் ஜெல்லில் அமிலம் எவ்வளவு சேர்க்கலாம்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு லேபிலிருந்தே பேசுகிறேன். கையுறையைக் கழற்ற மாட்டேன், ஏனென்றால் இந்த மோனோமர்கள், அதாவது பாலிமர் சங்கிலியாகக் கோக்கும் சிறு மூலக்கூறுகள், நச்சுத்தன்மை உள்ளவை. வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

இதோ இந்தத் துண்டைப் பாருங்கள். நைப்பாம் (என்-ஐசோப்ரோப்பைல் அக்ரிலமைடு) என்ற மோனோமரைக் கோத்துச் செய்த ஜெல். குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. சுமார் 32 டிகிரியைத் தாண்டியதும் வெளுத்து, தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருங்குகிறது பாருங்கள். குளிரில் பாலிமர் சங்கிலியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்திருக்கும். சூடு ஏறினால் அந்தப் பிடி விட்டுப்போகும், தண்ணீர் பிடிக்காத பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

செய்வது எளிது. 100 மில்லி தண்ணீரில் 7.8 கிராம் நைப்பாம், சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்க 0.133 கிராம் பிஸ் (பிஸ்-அக்ரிலமைடு). நைட்ரஜனைக் குமிழ விட்டு ஆக்சிஜனை விரட்ட வேண்டும், இல்லையென்றால் வினை தொடங்காமலே கிடக்கும். அப்புறம் வினையைத் தொடக்கிவைக்க ஏ.பி.எஸ். (அம்மோனியம் பெர்சல்ஃபேட்), அதை வேகப்படுத்த டெமெட். எல்லாம் ஐஸ் தொட்டியில்தான், ஏனென்றால் வினையே சூட்டைக் கிளப்பும். 32ஐத் தாண்டிவிட்டால் ஜெல் உருவாகும்போதே பால் போலக் கலங்கிவிடும்.

சரி, இப்போது அமிலத்துக்கு வருவோம். ஜெல் சூட்டுக்கு மட்டுமல்ல, பி.எச்.சுக்கும் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) அசைய வேண்டும் என்று இந்தக் கலவையில் கொஞ்சம் அக்ரிலிக் அமிலம் சேர்க்கிறோம். டயப்பருக்குள் இருக்கும் ஜெல்லின் குடும்பம்தான். ஆனால் அப்படியே ஊற்றினால் டெமெட் ஒரு காரம் என்பதால் அமிலம் அதை முடக்கிவிடும், ஜெல் கட்ட நேரமாகும். அதனால் முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு நடுநிலையாக்கிக் கொள்ளுங்கள்.

பி.எச். 7இல் அமிலத் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும், ஜெல் உப்பும். பி.எச். 3இல் மின்னூட்டம் போய்விடும், சுருங்கும். பலர் சூட்டுக்கு ஒரு சுவிட்ச், அமிலத்துக்கு ஒரு சுவிட்ச் என்று தனித்தனியாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமிலம் கூடக்கூட, பி.எச். 7இல் சுருங்கும் வெப்பநிலை 32ஐ விட்டு மேலே ஏறிக்கொண்டே போகும். அளவு மீறினால் எவ்வளவு சூடாக்கினாலும் ஜெல் அசையாது! இரண்டுக்கும் அசைய வேண்டுமென்றால் அமிலத்தில் கஞ்சத்தனம் காட்டத்தான் வேண்டும். என் கணக்கில் சில மோல் சதவீதமே போதும், அதாவது நூறு மோனோமர் மூலக்கூறுகளில் சில மட்டும் அமிலமாக இருந்தால் போதும்.

ஜெல் கட்டியதும் தண்ணீரை மாற்றி மாற்றிச் சில நாட்கள் ஊறவைத்து, மிச்ச மோனோமரை வெளியேற்றுங்கள். பிறகு ஜெல் எவ்வளவு உப்புகிறது என்று அளக்கும்போது எல்லா பஃபரிலும் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) உப்பின் செறிவு ஒன்றாக இருக்கட்டும். பி.எச். மாறாவிட்டாலும் உப்பே மின்னூட்டத்தை மறைத்து ஜெல்லைச் சுருக்கிவிடும், நீங்கள் பி.எச். மீது பழி போடுவீர்கள்.