டிரெய்லர் பேட்டரியில் சிறு கருவிகள்: மின்சாரம் எங்கே போகிறது?

[காட்சி: பாலைவனத்தில் விடியலுக்கு முந்தைய இருட்டு. ஒரு டிராவல் டிரெய்லர். சன்னலில் மெல்லிய வெளிச்சம்.]

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் அதைச் சுற்றியுள்ள பாலை நிலத்தில் ஆயிரக்கணக்கான டிரெய்லர்கள், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடுகள், வந்து நிற்கும். அங்கே மின் இணைப்பு கிடையாது. கொண்டுபோன பேட்டரியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஒரு ஜனவரியில் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன்.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு உண்டு. மூச்சுக்குழாய் அடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவியை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் படுப்பார். அதிகாலை மூன்று மணிக்கு, பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. சற்று நேரத்தில் அணைந்தது. அப்பா திணறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அதன்பிறகு விடியும்வரை அவர் கண்ணை மூடவே இல்லை.

மாலை ஐந்து மணிக்கு நிறைந்திருந்த பேட்டரி பத்து மணி நேரத்தில் எப்படித் தீர்ந்தது? வீடு திரும்பியதும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இப்போது உங்களுக்குக் காட்டப் போகிறேன்.

[காட்சி: டிரெய்லரின் முன்பக்கக் கம்பிச் சட்டத்தில் அமர்ந்திருக்கும் பேட்டரி.]

என்னிடம் இருந்தது 12 வோல்ட், 80 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. பெருக்கினால் 960 வாட்-மணி வரும்; அதுதான் பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு. ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே நம் கையில் இருப்பது 480 வாட்-மணி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிபாப் கருவி, காற்றை ஈரப்படுத்தும் சூடேற்றியோடு, ஏறத்தாழ 45 வாட் இழுத்தது. அப்பா படுத்திருந்த ஐந்து மணி நேரத்துக்கு 225 வாட்-மணி. டிரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரிவாயுவில்தான் எரிகிறது; ஆனால் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. 4 ஆம்பியர் வீதம், விட்டுவிட்டு மொத்தம் நான்கு மணி நேரம் ஓடியதாகக் கொண்டால் 190 வாட்-மணி.

இதுவரை 415. இன்னும் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா?

[காட்சி: 2000 வாட் இன்வெர்ட்டர். எதுவும் செருகப்படவில்லை. வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 1.5 ஆம்பியர்.]

இங்கே பாருங்கள். இதில் எதுவுமே மாட்டவில்லை. ஆனாலும் ஒன்றரை ஆம்பியர் இழுக்கிறது. அதாவது 18 வாட். பத்து மணி நேரத்துக்கு 180 வாட்-மணி. அப்பாவின் கருவி எடுத்ததற்கு ஏறக்குறைய சமமான மின்சாரத்தை, சும்மா விழித்திருப்பதற்காகவே இந்தப் பெட்டி தின்றிருக்கிறது. மொத்தம் 600-க்குப் பக்கத்தில் போய்விட்டது. குளிரில் பேட்டரியின் திறனும் குறையும். ஃபர்னஸ் விசிறி கிளம்பிய நேரத்தில் வோல்டேஜ் சரிந்திருக்கும். இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிட்டது.

தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த அதே வகைக் கருவிதான் இன்வெர்ட்டர். அங்கே மின்சாரம் திரும்பி வந்ததும் பேட்டரி நிறைந்துவிடும். வீணாவதை யாரும் கவனிப்பதில்லை. பாலைவனத்தில் அப்படி எதுவும் திரும்பி வராது.

இன்வெர்ட்டரைத் தவிர்க்கச் சொல்பவர்கள் வழக்கமாக வேறொரு காரணம் சொல்வார்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை 120 வோல்ட் ஆக்கி, மடிக்கணினியின் அடாப்டர் அதை மறுபடி 20 வோல்ட்டுக்கு இறக்குகிறதே, இந்த ஏற்ற இறக்கத்தில் நட்டம்தானே என்பார்கள். நட்டம் உண்டு. 60 வாட்-மணி மடிக்கணினியை நிரப்ப, அந்த வழியில் 80 போகலாம். 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டும் யூ.எஸ்.பி.-சி சார்ஜர் வழியாக 67 போகலாம். வித்தியாசம் பெரிதல்ல. நான் அஞ்சுவது மாற்றத்தில் போகும் அந்தப் பதின்மூன்றை அல்ல. இரவெல்லாம் சத்தமில்லாமல் கசியும் நூற்றெண்பதை.

ஆகவே சிறு கருவிகள் எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே நிறுத்துங்கள். கைபேசி எளிது. மடிக்கணினி யூ.எஸ்.பி.-சி வகையானால் அதுவும் எளிது; சார்ஜரில் எத்தனை வாட் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சிபாப் கருவிகளுக்குத் தயாரிப்பாளர்களே பேட்டரியில் மாட்டும் நேர்மின் (டி.சி.) அடாப்டர் விற்கிறார்கள். சில கருவிகளுக்கு 24 வோல்ட் தேவை. அதையும் அந்த அடாப்டரே உயர்த்தித் தரும்.

[காட்சி: வைஃபை ரவுட்டரின் அடாப்டர். அதில் '12 வோல்ட், 1.5 ஆம்பியர்' என்ற எழுத்து.]

ரவுட்டர்தான் நம்மை ஏமாற்றும். '12 வோல்ட்' என்று எழுதியிருக்கிறதே, நேரே பேட்டரியில் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். பேட்டரி ஒருபோதும் சரியாக 12-இல் நிற்பதில்லை. நிறைந்து ஓய்ந்திருக்கும்போது 12.6, பாதி தீர்ந்தால் 12.1, சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். பல ரவுட்டர்கள் தாங்கிவிடும். எல்லாமே தாங்கும் என்று எண்ணி உங்கள் ரவுட்டரைப் பணயம் வைக்காதீர்கள். உள்ளே எத்தனை வந்தாலும் வெளியே நிலையாக 12 தரும் சிறிய மாற்றி விலை குறைவாகவே கிடைக்கிறது. வாங்கி இடையில் வையுங்கள். பிளக்கின் நடு ஊசி நேர்முனையா என்பதையும் அடாப்டரில் உள்ள குறியைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

[காட்சி: மெல்லிய வயர், தடித்த வயர், அருகருகே.]

அடுத்து வயர். 120 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12-இல் குறைந்தால் கருவி நின்றுவிடும். பேட்டரியிலிருந்து படுக்கை வரை ஐந்து மீட்டர், போக வர பத்து. அமெரிக்கக் கடைகளில் 18 கேஜ் என்று விற்கும் மெல்லிய வயரில் 5 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 கேஜ் வயரில் கால் வோல்ட்தான். எண் சிறியதானால் வயர் தடித்தது என்பதை மறக்க வேண்டாம்.

சுருட்டு பற்றவைப்பதற்காகக் கார்களில் வந்த சாக்கெட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். ஒரு சுருள்கம்பி முனையின் அழுத்தத்தை நம்பி நிற்கிறது; வண்டி குலுங்கினால் தளர்ந்து சூடாகும். இரவு முழுவதும் ஓட வேண்டிய கருவிக்கு அதை நான் நம்ப மாட்டேன். அப்பாவின் கருவிக்குத் தனி வயர் இழுத்து, பூட்டிக்கொள்ளும் இணைப்பி வைத்துவிட்டேன்.

[காட்சி: பேட்டரியின் நேர்முனைக்கு அருகில் ஃபியூஸ்.]

அந்த வயரின் தொடக்கத்தில், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். 12 வோல்ட் பொதுவாக ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் இந்த பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், வயர் நெருப்பாகிவிடும். நீங்கள் தூங்கும் இடம் மரச்சட்டமும் பிளைவுட்டும். தயவுசெய்து ஃபியூஸ் இல்லாமல் ஒரு வயரும் இழுக்காதீர்கள்.

பணம் இருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறலாம். 100 ஆம்பியர்-மணி பேட்டரி 1280 வாட்-மணி தரும். ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது.

[காட்சி: வீட்டு வாசலில் நிற்கும் டிரெய்லர். இரவு.]

கடைசியாக, பயணத்துக்கு முன் ஓர் இரவை வாசலிலேயே கழியுங்கள். வெளி மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, படுக்கும்போது மாட்டும் எல்லாவற்றையும் மாட்டிப் படுங்கள். பேட்டரி அளவைக் காட்ட டிரெய்லர் சுவரில் இருக்கும் நான்கு விளக்குப் பலகையை நம்ப வேண்டாம், வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். காலையில் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். அப்பாவின் கருவியில் சூடேற்றியை அவர் சம்மதத்தோடு அணைத்திருந்தோம். எட்டு மணி நேரத்துக்கு 110 வாட்-மணிதான் எடுத்தது. காலையில் மீட்டர் 12.4 காட்டியது; பேட்டரி பாதிக்கு மேலேயே இருந்தது. அடுத்த வாரமே மறுபடி குவார்ட்சைட்டுக்குப் புறப்பட்டோம். இம்முறை அப்பா வெயில் ஏறும்வரை தூங்கினார்.