பண்ணை அளவும் பாகப்பிரிவினையும்

அவையோருக்கு வணக்கம்.

நிலம் சிறுத்தால் விளைச்சல் குறையும் என்று மேடைதோறும் பேசுகிறோம். 1962-இல் அமர்த்திய சென் பண்ணை மேலாண்மை ஆய்வுகளைப் பார்த்துச் சொன்னது நேர்மாறானது: இந்தியாவில் சிறிய பண்ணையில்தான் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதல். வீட்டு ஆட்கள் கூலிக்கணக்குப் பார்க்காமல் களையெடுத்தார்கள். அது கையறுவடைக் காலம். இன்று டெல்டாவில் நெல்லை அறுப்பது பெல்ட் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம். அதற்கு மொத்தப் பரப்பைவிட வயலின் வடிவம்தான் முக்கியம்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது சுமார் 1 ஏக்கர் 85 சென்ட். இதுவும் பாகம் பிரியும்.

சதுரமான ஒரு ஏக்கர், பக்கத்துக்கு 209 அடி. நான்கு பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் வாய்க்காலும் பாதையும் வேண்டுமென்று நீளவாக்கில் நான்கு பட்டைகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றும் 52 அடி அகலம். நடுவே 3 புது வரப்பு. 2 அடி அகலம் வைத்தால் 1,254 சதுர அடி, கிட்டத்தட்ட 3 சென்ட் போச்சு. அதில் எலி வளை தோண்டுவது தனி. (வரப்பை ஆண்டுதோறும் இருபக்கமும் சீவி மெலிய வைக்கும் பங்காளிகளும் உண்டு, எலிக்கு அது கெடுதல், உறவுக்கும்தான்.) சுமார் 7 அடி வெட்டும் வண்டி, ஏழெட்டு ஓட்டத்துக்குள் பட்டையை முடித்துவிடும். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முனையில் திரும்ப வேண்டும். மூலைக்கதிரை அரிவாளால் அறுக்க வேண்டும். வாடகையோ மணிக்கணக்கில்.

இன்னொரு சிக்கல் ரகம். சம்பாவில் அண்ணன் ஏடிடி 46 போடுகிறார், 135 நாள். தம்பி சிஆர் 1009, 155 நாள். அண்ணன் வயல் உள்ளே இருந்தால், தம்பியின் பச்சைப்பயிரை மிதிக்காமல் வண்டி எப்படிப் போகும்? அறுப்புக்குமுன் அண்ணன் தண்ணீரை வடிக்க வேண்டிய நேரத்தில் தம்பிக்குப் பாசனம் வேண்டும்.

பயிர்த் தேர்வையும் அளவுதான் முடிவு செய்கிறது. கால் ஏக்கர் மல்லிகையை வீட்டாரே விடியற்காலையில் பறித்துவிடலாம். ஐந்து ஏக்கருக்கு அந்த நேரத்தில் அத்தனை கைகள் எங்கே? அதனால்தான் ஆள் கிடைக்காத பெரிய நிலக்காரர் தென்னைக்கும் சவுக்குக்கும் போகிறார். பட்டைக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் நிலம் தரிசாகி, சீமைக்கருவேலம் ஏறும்.

2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டம் 100 பேர் கொண்ட குழுவுக்கு இயந்திரம் வாங்க 5 லட்சம் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் வரப்பு அப்படியே இருந்தால் பொது வண்டிக்கும் அதே திருப்பம்தான். பக்கத்துப் பட்டைக்காரர்கள் அளவுக்கல்லை மட்டும் விட்டுவிட்டு உள்வரப்புகளை எடுத்து, ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நடலாம். அதற்குமுன் லேசர் கருவியால் சமன் செய்யுங்கள். மேட்டுப்பட்டையில் களை முளைக்கும், பள்ளத்தில் நாற்று அழுகும். நெல்லைப் பரப்பு விகிதத்தில் பிரித்துக்கொள்வதென்று நாற்று விடும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

வாய்மொழிக் குத்தகைக்கு விட்டவரின் பட்டையும் நடுவில் இருந்தால், பயிர்க்கடனுக்கு அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிப் பதிவேட்டில்) யார் பெயர் என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.