வீட்டில் ஜியாவ்ஸி: தண்ணீர்ப் பக்குவத்தில் இருக்கும் கைத்திறன்

[காட்சி: மாவு தூவிய மேசை, அதைச் சுற்றிப் பல கைகள்]

வணக்கம். வட சீனாவில் சந்திர ஆண்டின் கடைசி இரவில், குடும்பத்தார் அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் மாவைத் தேய்க்க, மற்றவர்கள் பூரணம் வைத்து மடிக்க, புத்தாண்டு பிறக்கும் நேரத்துக்குச் சுடச்சுடப் பரிமாறும் உணவுதான் ஜியாவ்ஸி. தாங் அரசமரபுக் காலத்து ஜியாவ்ஸிகள் ஷின்ஜியாங் பகுதியில், துர்ஃபான் அருகிலுள்ள அஸ்தானா கல்லறைகளில் கிடைத்துள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை பிறை வடிவம் குலையாமல் இருப்பதற்கு அந்தப் பாலை நிலத்தில் ஈரம் இல்லாததே காரணம்.

நம் சமையலிலும் ஈரம்தான் முக்கியம். மாவுக்கு எவ்வளவு தண்ணீர், காயிலிருந்து எவ்வளவு பிழிவது, இறைச்சிக்குள் எவ்வளவு செலுத்துவது ஆகிய மூன்றும் சரியாக அமைந்தால், மடிப்பு சற்றுக் கோணலாக இருந்தாலும் ஜியாவ்ஸி சுவையாகவே வரும்.

முதலில் மாவு. 300 கிராம் மைதாவில் ஒரு சிட்டிகை உப்பைக் கலந்து, 150 மில்லி லிட்டர் குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். சப்பாத்தி மாவை விடச் சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் பிசையும்போது மாவிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் வலுவான வலையாகப் பின்னிக்கொள்வதால், கொதிக்கும் தண்ணீரில் புரண்டாலும் பூரணத்தை மூடும் மாவுத் தோல் கிழியாது. வெந்நீரில் பிசைந்த மாவு மென்மையாக இருக்கும். அது வாணலியில் பொரிப்பதற்கும் ஆவியில் வேகவைப்பதற்கும் ஏற்றது. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த ஓய்வைக் குறைத்தால், தேய்க்கும்போது மாவு திரும்பத் திரும்பச் சுருங்கிக்கொள்ளும்.

[காட்சி: நறுக்கிய சீன முட்டைக்கோஸிலிருந்து துணி வழியே வடியும் நீர்]

அந்த நேரத்தில் 300 கிராம் சீன முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவி, 15 நிமிடம் கழித்து மெல்லிய துணியில் கட்டி இறுகப் பிழியுங்கள். வடியும் நீரைக் கண்டு தயங்க வேண்டாம். இப்போது பிழியாவிட்டால் அதே நீர் பூரணத்தில் கசிந்து, தோலை நனைத்து, மடிப்பைத் திறந்துவிடும். பிழிந்த காயில் ஒரு தேக்கரண்டி எள் எண்ணெயைப் பிசிறி வையுங்கள். எண்ணெய் மேலே படிவதால், இறைச்சியிலுள்ள உப்பு காயிலிருந்து மேலும் நீரை இழுப்பது குறைகிறது. வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெயே இதற்கு உரிய மணத்தைத் தரும்.

இறைச்சிக்குச் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. கொழுப்பும் கலந்த பன்றிக் கொத்துக்கறி 300 கிராம் எடுத்து, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும் சிறிது உப்பும் சேர்த்துக் கிளறுங்கள். நசுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் சுமார் 80 மில்லி லிட்டரை நான்கைந்து தவணையாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அது முழுவதும் உறிஞ்சப்படும்வரை ஒரே திசையில் கிளறுங்கள். உப்பு இறைச்சியிலுள்ள புரதத்தைக் கரைத்துப் பசையாக்குகிறது. அந்தப் பசைதான் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கறி கிண்ணத்தின் ஓரத்தில் இழையிழையாக ஒட்டும் பதமே சரியான பதம். ஜியாவ்ஸியைக் கடித்ததும் சாறு பெருகுவது இந்த உழைப்பால்தான் என்பதால், இந்த வேலையில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கோழிக் கறியில் செய்வோர், அதில் கொழுப்பு குறைவு என்பதால், எண்ணெயைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். காயைக் கடைசியில் சேர்த்து மெதுவாகக் கலந்தால் போதும்.

[காட்சி: இடக்கை மாவைத் திருப்ப, வலக்கை சிறு கட்டையை உருட்டுகிறது]

மாவை நீளமாக உருட்டி, சுமார் 35 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 8 சென்டிமீட்டர் அகல வட்டமாகத் தேய்க்க வேண்டும். கட்டையை ஓரத்திலிருந்து நடுவரை மட்டும் உருட்டுங்கள். அப்போது ஓரம் மெலிந்தும் நடு சற்றுத் தடித்தும் வரும். மடிக்கும்போது ஓரங்கள் இரண்டு அடுக்காகச் சேர்வதால் அங்கே மெலிவு தேவை. பூரணத்தின் எடையைத் தாங்குவதால் நடுவில் தடிப்பு தேவை. பூரணத்தை வைத்து, பாதியாக மடித்து, உள்ளே காற்று தங்காமல் ஓரங்களை அழுத்தி மூடுங்கள். வீட்டு மாவு தானாகவே ஒட்டிக்கொள்ளும். கடையில் வாங்கிய தோலானால் ஓரத்தில் தண்ணீர் தடவுவது அவசியம்.

அகன்ற பாத்திரத்தில் தாராளமாகத் தண்ணீர் கொதிக்கும்போது ஜியாவ்ஸிகளைப் போட்டு, அடியில் ஒட்டாதவாறு கரண்டியின் பின்புறத்தால் ஒருமுறை தள்ளிவிடுங்கள். மீண்டும் கொதி வந்ததும் ஒரு சிறு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். இவ்வாறு மூன்று முறை செய்வது வட சீன வீடுகளின் பழைய வழக்கம். கொதிப்பின் வேகம் தணிவதால் தோல் உடையாமல் உள்ளே கறி வேக அவகாசம் கிடைக்கிறது. ஜியாவ்ஸிகள் உப்பி மிதந்த பிறகு ஒன்றைப் பிளந்து, கறி முழுவதும் வெந்திருப்பதை உறுதிசெய்த பின்னரே மற்றவற்றை எடுங்கள்.

மிஞ்சியவற்றை வேகவைக்காமலேயே ஒன்றோடொன்று படாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் இடலாம். சமைக்கும்போது உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போட வேண்டும்.

தொட்டுக்கொள்ள ஷான்சி மாநிலத்தின் முதிர்ந்த வினிகரோ ஜென்ஜியாங் நகரின் கறுப்பு வினிகரோ சிறந்தது. பன்னிரண்டாம் சந்திர மாதத்தின் எட்டாம் நாளில் வினிகரில் இட்டு, புத்தாண்டுக்குள் பச்சை நிறமாகிவிடும் பூண்டையும் வட சீனர்கள் உடன் வைத்துக்கொள்வார்கள். ஜியாவ்ஸி வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மாவின் சாரம் இறங்கிய அந்த வெந்நீரைக் கிண்ணத்தில் முகந்து, சாப்பிட்டு முடித்ததும் செரிமானத்துக்கு நல்லது என்று அவர்கள் குடிப்பார்கள்.