சொப்பின் பையும் ஒரு மாதக் கெடுவும்

(யாழ்ப்பாணத்து வாசிகசாலை ஒன்றில், இளம் செயற்பாட்டாளர்களுக்கான ஒருநாள் பட்டறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, தம்பிமாரே, தங்கச்சிமாரே,

என்னை அறிமுகம் செய்தவர் "சட்ட வல்லுநர்" என்று சொல்லிவிட்டார். அது பிழை. நான் ஒரு சட்டத்தரணியிடம் 31 வருஷம் கிளாக்கராக இருந்தவன். கோவை கட்டினேன், முத்திரை ஒட்டினேன், நீதிமன்ற விறாந்தையில் சனத்தோடு சனமாகக் காத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது கடதாசி மட்டும்தான். அதைப் பற்றியே பேசுகிறேன்.

ஒரு நாள் வலிகாமத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் கந்தோருக்கு வந்தார். மகனைப் பொலிஸ் நிலையத்தில் வைத்து அடித்திருக்கிறார்கள். அம்மாவின் கையில் ஒரு சொப்பின் பை. அதற்குள் பெடியனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம், ஆஸ்பத்திரித் துண்டு, அடியில் ஒரு திருநீற்றுப் பொட்டலம். சட்டத்தரணி ஐயா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "எப்ப அம்மா நடந்தது?" என்று கேட்டார். "நல்லூர் கொடியேறி நாலாம் நாள்" என்றார் அம்மா. நான் கலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். ஏழு கிழமை ஆகியிருந்தது.

உங்களில் சிலருக்கு இப்போதே விளங்கியிருக்கும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. அதற்கு அது கொடுக்கிற காலம் ஒரு மாதம். சித்திரவதைக்கு எதிரான 11ஆம் உறுப்புரை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அந்த ஒரு மாதம் கடந்தால் கதவைத் திறப்பிப்பது பெரும்பாடு.

அந்த அம்மா ஏழு கிழமையும் சும்மா இருக்கவில்லை. விதானையாரிடம் போனார், பாதரிடம் போனார், ஒரு அரசியல்வாதியின் வாசலில் மூன்று தரம் காத்து நின்றார். எல்லாரும் நல்ல மனதோடுதான் "பாப்பம்" என்றார்கள். மாதக் கணக்கை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் இருப்பது அடித்தவனில் மட்டும் இல்லை, அந்தப் "பாப்பம்" இலும்தான்.

இதற்கு ஒரு பக்கவழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலம் உயர் நீதிமன்றத்தின் ஒரு மாதக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தால் சரிவராது. உண்மையிலேயே விசாரணை நிலுவையில் இருந்தது என்று காட்ட வேண்டும் என உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் கறாராகச் சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் "என்ன நடக்கிறது" என்று கடிதம் போடுங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தருகிற அந்தச் சின்னத் துண்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். ஒரு வழக்கு அந்தத் துண்டினால் நிமிர்ந்ததையும் கண்டிருக்கிறேன், அது இல்லாமல் விழுந்ததையும் கண்டிருக்கிறேன்.

சரி, அடுத்தது, அரச நிறுவனங்களிடம் தகவல் கேட்டு வாங்க வழிசெய்கிற தகவலுக்கான உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இளம் ஆட்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் இந்த நாட்டில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஏன் கேட்கிறாய் என்று உங்களிடம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் ஆணைக்குழு.

எங்கள் ஒழுங்கைக் கதையைச் சொல்கிறேன். மாரியில் வெள்ளம் வீட்டுப் படிவரை வரும். உள்ளூர்ச் சபை ஒன்று வாய்க்கால் கட்டியது, அடுத்த மாரியிலும் வெள்ளம் வந்தது. "வாய்க்காலில் நடந்த ஊழலை விசாரிக்கவும்" என்று ஒழுங்கை இளைஞர்கள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்கள். கிழித்துப் போட்டேன். அது தகவல் கேட்கிற கடிதமே இல்லை, சண்டைக்குக் கூப்பிடுகிற கடிதம். பிறகு திண்ணையில் இருந்து வேறொன்று எழுதினோம். இந்த வேலைக்கான மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கம், கொடுப்பனவுச் சிட்டையின் பிரதி. நாலு வரி, அவ்வளவுதான். பிரதிகள் வந்தன, இரண்டு மாதம் இழுபட்டுத்தான் வந்தன. அளவீட்டுப் புத்தகத்தில் வாய்க்காலின் நீளம் 180 மீற்றர். பெடியள் நூல் பிடித்து அளந்தார்கள், 112. அந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு சபைக்குப் போனோம். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. மிச்ச வாய்க்கால் அடுத்த ஆவணிக்கு முன்னம் கட்டப்பட்டது.

கருத்தைக் கேட்டால் சாட்டுத்தான் கிடைக்கும். பிரதியைக் கேளுங்கள்.

இதெல்லாம் வெறும் கிளாக்கர் வேலை, போராட்டம் எங்கே என்று பின்வரிசையில் ஒரு தம்பி முகத்தைச் சுழிக்கிறார். தம்பி, இந்த மண்ணில் இளைஞர் அரசியல் நேற்றுத் தொடங்கியது இல்லை. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1927இல் காந்தியை இங்கே அழைத்து வந்தது. 1931இல் அவர்கள் தேர்தலைப் பகிஷ்கரித்ததில் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. அது சரியா பிழையா என்று இன்றைக்கும் வாசிகசாலைகளில் வாய்ச்சண்டை நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் எழுதி வைக்கிறதைப் பயந்தவன் வேலை என்று மட்டும் நினைக்காதீர்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு 1988இல் இங்கே உருவானது. யார் செய்தது என்று பார்க்காமல், போரில் எல்லாத் தரப்பும் செய்த உரிமை மீறல்களை அவர்கள் எழுதினார்கள். அவர்களில் ஒருவர், மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ரஜனி திராணகம. 1989 செப்டம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். திகதியும் இடமும் போட்டு எழுதுகிறதற்கு இந்த ஊரில் அந்த விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வாளியை இழுத்தால் தண்ணீருக்கு மேல் வானவில் மாதிரி ஒரு படலம். ஊர்வலம் போனோம், உண்ணாவிரதம் இருந்தார்கள், எல்லாம் தேவைதான். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எண்ணெய் கலக்கக் காரணமான மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. அந்த அடிப்படை உரிமை மனுவைப் போட்டவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சூழலியல் செயற்பாட்டாளர். அவர் செய்ததை நன்றியோடு சொல்கிறேன். ஆனாலும் சட்டத்தரணிகள் நிறைந்த யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஏன் அது முதலில் தோன்றவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

அப்புறம் உங்கள் போன். ஒரு சம்பவத்தைப் படம் எடுக்கிறீர்கள், உடனே வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எப்போது, எங்கே எடுத்தது என்று படத்துக்குள் மறைந்திருக்கிற விவரமும் போய்விடும். நீதிமன்றத்தில் கேட்பது அந்த விவரத்தைத்தான். மூலப்படத்தை அழிக்காதீர்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து, நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே விவரம் சாட்சி சொன்னவரின் வீட்டையும் காட்டிக்கொடுக்கும். முகம் தெரிகிற படத்தை அவரிடம் கேட்காமல் பேஸ்புக்கில் போட்டு விருப்பம் வாங்குகிறவரை நான் செயற்பாட்டாளர் என்று சொல்ல மாட்டேன். இணையத்தில் போடுகிறதைக் கட்டுப்படுத்துகிற 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு தலைக்கு மேலே நிற்கிறது.

யாரையாவது பிடித்துக்கொண்டு போனால்? முதலில் நேரத்தைப் பாருங்கள். வாகன இலக்கம், எந்த நிலையம், என்ன காரணம் சொன்னார்கள் என்பதை உடனே எழுதுங்கள். காரணம் சொல்ல வேண்டியது 13ஆம் உறுப்புரைப்படி அவர்கள் கடமை. பிறகு 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடியுங்கள், அது மனித உரிமைகள் ஆணைக்குழு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்தாலும் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால், வாசிக்க விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தேத்தண்ணி வந்துவிட்டது, ஆறப்போகிறது. இந்தக் கட்டில் நாற்பது வெள்ளைத்தாள் இருக்கிறது, பேனை உங்களிடம் இருக்கும். வாசிகசாலைக்கு முன்னால் இருக்கிற வீதிவிளக்கு ஆறு மாதமாக எரியவில்லை என்று காலையில் சொன்னீர்களே. தேத்தண்ணி குடித்து முடிய, வீதிவிளக்குத் திருத்த வேலைப் பதிவேட்டின் பிரதியைக் கேட்டு ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். மேலே வலதுபக்க மூலையில் முதலில் திகதியைப் போடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.