விண்டோஸில் 3, லினக்ஸில் 768: சிஸ்டம் ஃபங்ஷன் ஏன் இப்படிச் செய்கிறது?

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "சி புரோகிராமிலிருந்து இன்னொரு புரோகிராமை சிஸ்டம் ஃபங்ஷன் மூலம் ஓட்டுகிறேன். அந்தப் புரோகிராம் 3 என்ற எண்ணோடு முடிகிறது. விண்டோஸில் எனக்கு 3 கிடைக்கிறது. அதே கோடை லினக்ஸில் கம்பைல் செய்து ஓட்டினால் 768 வருகிறது. எங்கே தவறு? அப்புறம், திரையை அழிக்கும் கமாண்டும் விண்டோஸில் மட்டும்தான் வேலை செய்கிறது. எல்லா இடத்திலும் ஓடுகிற மாதிரி எழுத வழி இருக்கிறதா?"

முதலில் 768ஐ 256ஆல் வகுத்துப் பாருங்கள். 3 வருகிறதா? உங்கள் 3 எங்கும் போகவில்லை, எட்டு பிட் மேலே தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

சி தரநிலை இந்த ஃபங்ஷனைப் பற்றி அதிகம் பேசுவதே இல்லை. கொடுத்த ஸ்ட்ரிங்கை கமாண்ட் பிராசஸரிடம் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அந்தந்த இயங்குதளத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. விண்டோஸ் முடிவு எண்ணை அப்படியே தருகிறது. லினக்ஸும் மேக்கும் வெயிட் ஸ்டேட்டஸ் என்ற ஒன்றைத் தருகின்றன. அதன் கீழ்ப் பகுதியில், புரோகிராம் தானாக முடிந்ததா, சிக்னல் வந்து கொல்லப்பட்டதா என்ற தகவல் இருக்கும். முடிவு எண் அதற்கு மேலே இருக்கும். அதற்காக நீங்களே 256ஆல் வகுத்து எழுத வேண்டாம். டபிள்யூ இஃப் எக்ஸிட்டட் என்ற மேக்ரோவால் முறையாக முடிந்ததா என்று பார்த்துவிட்டு, டபிள்யூ எக்ஸிட் ஸ்டேட்டஸ் மேக்ரோவால் எண்ணை எடுங்கள். இரண்டும் யூனிக்ஸ் வகை அமைப்புகளில் மட்டும்தான் உண்டு. விண்டோஸுக்கு, கம்பைல் செய்யும்போதே இயங்குதளத்துக்கு ஏற்ற கோடைத் தேர்ந்தெடுக்கும் இஃப்டெஃப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

இதில் ஒரு மோசமான பொறி இருக்கிறது. சிலர் மெயின் ஃபங்ஷனின் கடைசி வரியில், சிஸ்டம் தந்த எண்ணை அப்படியே ரிட்டர்ன் செய்துவிடுவார்கள். லினக்ஸில் ஒரு புரோகிராமின் முடிவு எண்ணில் கீழ் எட்டு பிட் மட்டும்தான் வெளியே போகும். 768இன் கீழ் எட்டு பிட் என்ன? பூஜ்ஜியம். உள்ளே ஓடிய புரோகிராம் தோற்றுப்போயிருக்கும், உங்கள் புரோகிராமோ "எல்லாம் வெற்றி" என்று அறிவித்துவிட்டு முடியும். அதை நம்பி அடுத்த ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிக்கும். விண்டோஸில் சோதித்தவருக்கு இது கண்ணிலேயே படாது.

சரி, கமாண்ட் விஷயத்துக்கு வருவோம். டபுள் கோட்ஸுக்குள் நீங்கள் எழுதுவது சி மொழி அல்ல. லினக்ஸில் அதைப் படிப்பது எஸ்ஹெச் என்ற ஷெல், அதாவது முன்பு சொன்ன கமாண்ட் பிராசஸர். விண்டோஸில் சிஎம்டி. திரையை அழிக்கும் சிஎல்எஸ் என்பது சிஎம்டிக்கு உள்ளேயே இருக்கும் கமாண்ட், எஸ்ஹெச்சுக்கு அப்படி ஒன்றைத் தெரியாது. கமாண்ட் கிடைக்கவில்லை என்றால் எஸ்ஹெச் 127 என்ற எண்ணோடு முடியும். அதையும் மேக்ரோ போட்டு எடுத்தால்தான் 127 என்று தெரியும்.

பெயர் மாறுவது சின்னப் பிரச்சினை. பயனர் கொடுத்த கோப்புப் பெயரை எஸ்பிரின்டெஃப் வைத்துக் கமாண்டோடு ஒட்டுகிறீர்களே, அதுதான் பெரிய பிரச்சினை. பெயரில் இடைவெளி இருந்தால் ஷெல் அதை இரண்டு ஆர்க்யுமென்ட்டாக உடைக்கும். லினக்ஸில் செமிகோலன் இருந்தால் அதற்குப் பிறகு வருவது தனிக் கமாண்டாகவே ஓடும். விண்டோஸில் ஆம்பர்சாண்ட் அதே வேலையைச் செய்யும். கோட்ஸ் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. புரோகிராமின் பாதைக்கும் கோட்ஸ், ஆர்க்யுமென்ட்டுக்கும் கோட்ஸ் என்று கொடுத்தால், சிஎம்டி முதல் கோட்ஸ் குறியையும் கடைசிக் கோட்ஸ் குறியையும் உருவி எறிந்துவிடும். மொத்த வரியையும் சுற்றி இன்னொரு ஜோடி கோட்ஸ் போட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் போயிற்று. பாதையில் இடைவெளி இல்லாத என் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது, வேறொருவர் கணினியில் மட்டும் படுத்துக்கொண்டது.

அதனால் என் பழக்கத்தைச் சொல்கிறேன். கமாண்ட் முழுவதும் நானே எழுதிய நிலையான ஸ்ட்ரிங் என்றால் சிஸ்டம் போதும். வெளியிலிருந்து ஒரு எழுத்து உள்ளே வந்தாலும் ஷெல்லை விட்டு விலகிவிடுவேன்.

யூனிக்ஸ் பக்கம் இது எளிது. ஃபோர்க் செய்து, அதாவது ஓடும் புரோகிராமை நகலெடுத்து, அந்த நகலான சைல்டில் புதுப் புரோகிராமை ஏற்றும் எக்ஸெக்விபி கூப்பிட்டு, மூலமான பேரன்ட்டில் அது முடியும்வரை காத்திருக்கும் வெயிட்பிஐடி போட வேண்டும். எக்ஸெக்விபி ஆர்க்யுமென்ட்டுகளை அரேயாக வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்ட்ரிங், கடைசியில் முடிவைக் காட்ட நல் பாயிண்டர். நடுவில் யாரும் உடைக்கப் போவதில்லை, கோட்ஸே தேவையில்லை. எக்ஸெக்விபி வெற்றி பெற்றால் திரும்பி வராது. திரும்பி வந்தாலே தோல்வி என்று அர்த்தம், உடனே அண்டர்ஸ்கோர் எக்ஸிட் கூப்பிட்டு சைல்டை முடியுங்கள். ஃபோர்க்குக்கு முன்னால் எஃப்ஃப்ளஷ் செய்யுங்கள். இல்லாவிட்டால் பஃபரில் தேங்கியிருந்த வரி இரண்டு முறை அச்சாகக்கூடும்.

விண்டோஸில் ஃபோர்க் கிடையாது, கிரியேட்பிராசஸ்தான். ஷெல் இல்லை என்று நிம்மதியாகிவிட முடியாது. அங்கே ஆர்க்யுமென்ட்டுகள் எல்லாம் ஒரே நீள ஸ்ட்ரிங்காகத்தான் போகும். அதைப் பிரித்துக்கொள்வது ஓடப்போகிற புரோகிராமின் பொறுப்பு. ஆகவே கோட்ஸ், பேக்ஸ்லாஷ் விதிகளைப் பார்த்து நீங்கள்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். "அரே வாங்குகிற ஸ்பான் ஃபங்ஷன்கள் விண்டோஸிலும் இருக்கின்றனவே" என்று சிலர் கேட்பார்கள். அவையும் இடைவெளி விட்டு ஒட்டித்தான் அனுப்புகின்றன, கோட்ஸ் போட்டுத் தருவதில்லை. இன்னொன்று: கிரியேட்பிராசஸின் யூனிகோட் வடிவம் அந்த ஸ்ட்ரிங்கை உள்ளேயே மாற்றக்கூடும். அதனால் மாற்ற முடியாத ஸ்ட்ரிங் லிட்டரலைக் கொடுக்காதீர்கள், ஒரு பஃபரில் எடுத்துக் கொடுங்கள். புரோகிராம் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்ஃபார்சிங்கிள்ஆப்ஜெக்ட் முடிந்து முடிவு எண்ணை வாங்கியதும், பிராசஸ் ஹேண்டில், திரெட் ஹேண்டில் இரண்டையும் மூட மறக்க வேண்டாம்.

புரோகிராம் அச்சிடுவதைப் படிக்க வேண்டும் என்றால் பிஓபன் இருக்கிறது. விண்டோஸில் பெயருக்கு முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர். ஆனால் அதுவும் ஷெல் வழியாகத்தான் போகிறது, மேலே சொன்ன ஆபத்து அப்படியே பொருந்தும்.

ஆக, "ஒரே கோட்" என்பதற்கு என் பதில்: கமாண்ட் ஸ்ட்ரிங்கை எல்லா இடத்துக்கும் பொதுவாக்கப் பார்க்காதீர்கள். ஆர்க்யுமென்ட் அரேயை வாங்கி முடிவு எண்ணைத் தருகிற ஒரு ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள். அதற்குள் இஃப்டெஃப் போட்டு இரண்டு உடல்கள். மற்ற கோட் எதற்கும் இயங்குதளம் எது என்றே தெரிய வேண்டாம்.

கடைசியாக, திரையை அழிப்பது. அதற்கு வெளிப் புரோகிராமே தேவையில்லை. எஸ்கேப் எழுத்து, சதுர அடைப்பு, 2, பெரிய ஜே. அதைத் தொடர்ந்து எஸ்கேப், சதுர அடைப்பு, பெரிய ஹெச். இதை பிரின்டெஃப் செய்தால் லினக்ஸ், மேக் டெர்மினல்களில் திரை அழிந்து கர்சர் மேலே போய்விடும். விண்டோஸ் 10 முதல் கன்சோலிலும் இது ஓடும். செட்கன்சோல்மோட் மூலம் விர்ச்சுவல் டெர்மினல் வசதியை ஒருமுறை இயக்கிவிட வேண்டும்.